பட்டியலில் இருக்கிறாள், வரைபடத்தில் இல்லை

ஒரு கதையில் பெண் எங்கே நிற்கிறாள் என்று கேட்டு வாசிக்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியோடு ஓர் அரசு ஆவணத்தை வாசித்தேன். 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் அது. தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று தென்புறநகரில் எந்த நிலத்தில் எது வரலாம் என்று சொல்லும் ஆவணம். நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை, திறந்தவெளி என்று வகை பிரிக்கிறது. இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு மனித உருவம் இருக்கிறது. ஓரிடத்தில் வீடு, இன்னோரிடத்தில் வேலை, காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிறவர். வீட்டு வேலை அவர் கணக்கில் வராததால் அவர் ஆண் என்று ஊகிப்பதில் சிரமமில்லை. மணி கோப்பது, சமைப்பது, பிள்ளையைத் தூங்கவைப்பது எல்லாவற்றையும் ஒரே நான்கு முழ இடத்தில் செய்து, சில வாரங்களில் அந்த இடத்தையும் விட்டுப் போகும் பெண்ணுக்கு அந்த வரைபடத்தில் நிறம் இல்லை.

அந்தப் பெண்ணைத் தென்புறநகரில் எல்லோருக்கும் தெரியும். ரயில் நிலையப் படிக்கட்டு ஓரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பாசிமணியும் ஊசியும் விற்பவள். நாம் நரிக்குறவர் என்கிறோம். அவர்கள் தங்களை வாக்ரி என்கிறார்கள், பேசும் மொழி வாக்ரிபோலி. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிய பிறகு குடும்பத்தின் பிழைப்பு பாசிமணிப் பக்கம் சாய்ந்தது. அந்த வியாபாரத்தில் பெரும்பங்கு பெண்களின் உழைப்பு. தமிழ் சினிமா அவளுடைய உடையை மட்டும் எடுத்துக்கொண்டது. 1968இல் ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேடத்தில் ஆடினார்கள், ஊரே ரசித்தது. வேடத்துக்குக் கிடைத்த வரவேற்பு வேடத்தின் சொந்தக்காரிக்குக் கிடைக்கவில்லை.

அவள் யார் என்ற கேள்விக்கு அரசு மெதுவாகப் பதில் சொல்லியிருக்கிறது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் 57 ஆண்டுகள். அவளுடைய மகள் கல்லூரிக்குப் போக அந்தச் சான்றிதழ் உதவும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் எங்கே இருப்பாள் என்ற கேள்வி வேறு. இன்றிரவு எங்கே குளிப்பது, மாதவிடாய்த் துணியை எங்கே உலர்த்துவது, மணிக்கூடையை எங்கே வைத்துவிட்டுத் தூங்குவது என்பதற்குச் சாதிச் சான்றிதழில் விடை இல்லை.

தாம்பரம் இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் பூஞ்சேரியும் இருக்கிறது. 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் துரத்தப்பட்ட நரிக்குறவப் பெண் ஒருவர் அதைக் கேமராவின் முன் கேட்டார். அமைச்சர் வந்து அவருடன் பந்தியில் உட்கார்ந்தார். நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளி அன்று, முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். இதை நான் இரண்டு விதமாக வாசிக்கிறேன். பட்டா அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஊரிலேயே, சுற்றுலாப் பயணிகளிடம் பாசிமணி விற்கும் தூரத்திலேயே கிடைத்தது; அது சரியான இடத்தேர்வு. ஆனால் அந்த இடம் கிடைக்க ஒரு பெண் முதலில் அவமானப்பட வேண்டியிருந்தது, பிறகு அதைச் சொல்லும் துணிச்சலும் அவளுக்கு வேண்டியிருந்தது, பிறகு அந்தக் காணொளி பரவ வேண்டியிருந்தது. திட்டத்தின் வழியே வரவேண்டிய உரிமை கருணையின் வழியே வந்தது. கேமரா போகாத ஊரில் இருப்பவளுக்கு என்ன வழி?

வழக்கமான வழி வேறு. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல், சாலைப் புறம்போக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஆட்சேபனையற்றது என்று மிஞ்சும் துண்டு நிலத்தைத் தேடுவார்கள். சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’வில் அந்தத் துண்டுக்கும் பட்டா தர 1960களிலிருந்து தடை. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை அதைத் தளர்த்தி, சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் சுமார் 29,000 பேருக்குப் பட்டா தர முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் வரன்முறை என்பது ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் குடியிருந்தவருக்கானது. ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது என்று அந்த ஆண்டுகளைத் தாளில் காட்ட வேண்டும். நகர்ந்துகொண்டே இருப்பவளிடம் அந்தத் தாள்கள் சேர்வதில்லை. அவள் நகர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் யாரோ விரட்டியது. விரட்டியவர் கணக்கில் அது ஆக்கிரமிப்பு அகற்றம். அவள் கணக்கில் சான்று இல்லாமை.

மிஞ்சிய நிலத்தில் குடியமர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்புறநகரிலேயே பாடம் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000த்துக்குப் பிறகு அங்கே குடியமர்த்தப்பட்டன. சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி. மழைக்குச் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் செய்தி. முதலில் வேலை இழந்தவர்கள் வீட்டுவேலை செய்த பெண்கள். இரண்டு மணிநேரப் பாத்திர வேலைக்காக இரண்டு பேருந்து மாறி யாரும் போக முடியாது. மாடி வீடு கிடைத்தது, கூலி போனது. அலுவலகம் பார்த்தது நிலத்தின் விலையை. பெண் நடக்கும் தூரத்தை யாரும் அளக்கவில்லை.

பாசிமணி விற்பவளுக்கு அந்தத் தூரம்தான் மூலதனம். 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர்ந்து விற்பவர்களையும் அங்கீகரிக்கிறது. விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ரயில்வே நிலத்துக்குப் பொருந்தாது. தாம்பரம் நிலையத்தின் நடைமேடையில் அவள் குற்றவாளி, வெளியே சாலையில் வியாபாரி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது வெளியூர்ப் பயணிகளின் கூட்டமும் அங்கே நகர்ந்தது. கூட்டம் நகர்ந்தால் அவள் சந்தையும் நகரும். இரவில் தங்கும் இடமும் கூடவே நகர்ந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் ஜிப்ஸி, டிராவலர் மக்களுக்கு இடம் ஒதுக்குவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது 1968ஆம் ஆண்டுச் சட்டம். 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. 2015இல் நிரந்தரமாகப் பயணத்தை நிறுத்தியவர்கள் திட்டமிடல் கணக்கில் ‘டிராவலர்’ இல்லை என்று வரையறையையும் மாற்றினார்கள். முதுமையாலோ உடற்குறையாலோ பயணத்தை நிறுத்தியவர்களை இப்படி விலக்குவது பாகுபாடு என்று லிசா ஸ்மித் என்ற பெண்ணின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் சொன்னது. இங்கே தங்கவில்லை என்பதற்காகப் பட்டா இல்லை. அங்கே தங்கிவிட்டாள் என்பதற்காக இடம் இல்லை என்றது 2023 வரை இருந்த விதி. இரண்டு விதிகளும் ஒரு வேலையைத்தான் செய்திருக்கின்றன.

தனி இடம் என்றால் தனிச்சேரி ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஊருக்கு வெளியே சுடுகாட்டின் பக்கத்தில் ஒதுக்கினால் சேரிதான். நகர்வதை அழகாக்கிப் பேசும் ஆபத்தும் உண்டு. நிரந்தர வீடு வேண்டும் என்று கேட்கும் நரிக்குறவப் பெண்களுக்கு நிரந்தர வீடுதான் கிடைக்க வேண்டும். நான் கேட்பது, சந்தைக்கு நடந்துபோகும் தூரத்தில் வீட்டுமனை. கூடவே, பருவத்துக்கு வந்துபோகிறவர்களுக்குத் தண்ணீர், பூட்டு உள்ள கழிப்பறை, விளக்கு உள்ள தங்குமிடம். புறநகரில் இதற்கு நிலமில்லை என்பது சரியல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நலிந்த பிரிவினருக்கு என்று விதியே இருக்கிறது. இத்தனை மனைப்பிரிவுகள் எழுந்த தென்புறநகரில் அந்தப் பத்து விழுக்காடு யார் கையில் இருக்கிறது என்று தாம்பரம் மாநகராட்சியிடம் வார்டு வார்டாகக் கேட்கலாம். அந்த மன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை.

2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கான ஆவணம். அதன் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, கருத்துக்கேட்பு நாற்காலிகளில் பாசிமணிக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம்.