பத்து வயதில் ஒரு பொதுத்தேர்வு

2019 செப்டம்பர் 13 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, அந்தக் கல்வியாண்டிலேயே ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடைபெறும் என்றது. எதிர்ப்பு வலுக்கவே, 2020 பிப்ரவரி 4 அன்று பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அதனைக் கைவிடுவதாக அறிவித்தார். ஐந்து மாதங்களுக்குள் தோன்றி மறைந்த ஆணை அது. ஆயினும் அதன் பின்னிருந்த வாதம் மறையவில்லை. "தேர்வு இல்லையேல் தரம் இல்லை" என்பதை நம் சமுதாயத்துப் படித்தவர்களும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். ஆகவே அவ்வாதத்தை உரசிப் பார்ப்பது அவசியமாகிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் தேக்கக்கூடாது, வாரியத் தேர்வுக்கு உட்படுத்தக்கூடாது என்று விதித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு நடத்தவும், தவறியோருக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுவாய்ப்பு அளித்து, அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கவும் வழிவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் இதனைச் செயற்படுத்த விதி வகுத்தது. 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையோ எட்டாம் வகுப்பு வரை தேக்கம் கூடாது என்பதில் உறுதியாக நின்றது. பாதுகாப்பு இப்போதைக்குக் கொள்கை அளவிலானது. கொள்கைகள் ஆட்சியோடு மாறக்கூடியவை.

சட்ட நுணுக்கத்தை விட்டுக் காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்குள் நுழைந்தால் இந்த விவாதத்தின் நிறமே மாறிவிடுகிறது. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளரின் இரு கைகள் அதற்குப் போதா. பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைச் செலுத்தித் தரவேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர்கள் சிறுவர் சிறுமியரே. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளின் நிலையை, பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பதிவு செய்தது. இன்று பல வீடுகளில் அவ்விடத்தில் பெண்கள் அமர்கின்றனர். எனினும் அந்த இருக்கை அகற்றப்பட்டுவிடவில்லை. பத்து வயதில் "நீ தேறவில்லை" என்று அரசே முத்திரை குத்தி அனுப்பும் பிள்ளை, தறிக்கோ கடைக்கோ பட்டறைக்கோ எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதை ஆணை எழுதியவர்கள் அளந்து பார்த்தார்களா? 1953இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்று வெளிப்படையாகவே சொன்னது. காமராசர் முதல்வரானபின் 1954இல் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நேர அட்டவணையால் செய்ய முயன்றதைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணால் செய்துவிடும். அதுவும் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்தி.

இதில் பிள்ளையார்பாளையத்துச் சிறுமிக்கும் ஒலிமுகமதுபேட்டைச் சிறுவனுக்கும் வேறுபாடு இல்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான முஸ்லிம் குழந்தைகளுள் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்குச் சென்றிராதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு நாடளாவிய நிலையில் கண்டது. இப்படிப்பட்ட சமுதாயத்துக்கு முதல் சல்லடையை ஐந்தாம் வகுப்பிலேயே மாட்டுவது யாருக்கு நன்மை?

மறுதரப்பாரின் கவலை பொய்யன்று. 2022ஆம் ஆண்டின் அசர் ஆய்வில், தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. கொரோனாக் கால அடைப்பின் பாதிப்பு என்று ஓரளவுக்குத்தான் ஆறுதல் கொள்ளலாம். தேக்கம் கூடாது என்று சொல்லிவிட்டு, வாசிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்பு வகுப்பாக நகர்த்துவதும் ஒரு கைவிடலே. ஆனால் இந்த உண்மை நமக்கு எப்படித் தெரிய வந்தது? ஒரு பொதுத்தேர்வாலன்று. தேர்ந்தெடுத்த சில வீடுகளில், பிள்ளையின் அருகே ஒருவர் அமர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டதால். பள்ளி முறையின் நோயை அறிய மாதிரி ஆய்வு போதும். ஒவ்வொரு பிள்ளையையும் தேர்வறையில் நிறுத்த வேண்டியதில்லை. தேர்வு ஒன்றையே கண்ணாகக் கொண்டால் ஆசிரியர் தேர்வுக்கே கற்பிப்பார். பரிசோதகர் முன் பிள்ளைகள் பெறும் தேர்ச்சிக்கேற்ப மானியம் என்று 1862இல் இங்கிலாந்து விதித்தபோது, அதனால் கற்பித்தல் இயந்திரமாகிப் போனதைக் கண்டித்தவர்களுள் பள்ளி ஆய்வாளராயிருந்த மத்தேயு ஆர்னால்டும் ஒருவர்.

நம் மரபு இவ்விடத்தில் மௌனமாக இல்லை. கற்போர் மீது, குறிப்பாகச் சிறார் மீது, காட்டப்படும் கடுமை அவர்களின் உள்ளத்தைச் சுருக்கிப் பொய்யையும் சோம்பலையும் பழக்கிவிடும் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒரு தனிப் பிரிவே எழுதினார். கல்வி படிப்படியாக, திரும்பத் திரும்ப வழங்கப்படவேண்டும் என்பதும் அவர் கருத்து. ஓதிமுடித்த பிள்ளையை விளையாட விடவேண்டும், இல்லையேல் உள்ளம் மரத்துப்போகும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா தரும் அறிவுரை. மக்தபில் உஸ்தாதின் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஸபக்கைத் தானே ஓதிக் காட்டுகிறது. ஒன்று அலிஃபில் நிற்கும். இன்னொன்று அம்ம ஜுஸ்வில் இருக்கும். தவறினால் அதே பாடம் மறுநாளும் தொடரும். பட்டியலில் யாரும் "தவறியவர்" ஆவதில்லை. பிரம்பு இல்லாத மக்தபுகள் எத்தனை என்ற கேள்வியை நான் மறைக்க விரும்பவில்லை. எனினும் மதிப்பிடும் முறை அதுவே.

அந்த முறையை நாமே கைவிட்டு வருகிறோம் என்பதுதான் வியப்பு. கேரளத்தின் சமஸ்த கல்வி வாரியம் மதரஸா ஐந்தாம் வகுப்பிலிருந்தே பொதுத்தேர்வு நடத்துகிறது. பாடத்திட்ட ஒழுங்கு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றில் அவ்வாரியம் ஆற்றியுள்ள பணி மதிப்பிற்குரியது. தமிழகத்து மதரஸாக்கள் அதைப் பின்பற்ற எண்ணும்போது, ஒழுங்கைப் பெற்றுக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளைக்கான பொதுத்தேர்வை மட்டும் விட்டுவிட முடியுமா என்பதை ஜமாஅத்துகளும் உலமாக்களும் இப்போதே பேசலாம். அரசிடம் வேண்டாம் என்றதை வீட்டில் நடத்திக்கொண்டிருக்க இயலாது.