பூட்டிய அலமாரி: பள்ளி நூலகம் பற்றி ஒரு திறனாய்வு

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். காவியத்தைத் திறனாய்வு செய்கிறோம். நேற்று வெளிவந்த சிறுகதைத் தொகுதியையும் விட்டுவைப்பதில்லை. பள்ளிக்கூடத்து நூலகத்தை மட்டும் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கருதுவதில்லை. ஒருவர் சில நூல்களைத் தேர்கிறார், பலவற்றை விலக்குகிறார், தேர்ந்தவற்றை ஒரு முறைப்படி அடுக்குகிறார். இவ்வாறு உருவாகும் நூற்றொகுதியும் ஓர் ஆக்கமே. தொகுத்தவரின் கல்வியும் அக்கறையும், அக்கறையின்மையுங்கூட, அதில் தெளிவாகத் தெரியும். ஆகவே அதனையும் ஒரு நூலைப் படிப்பதுபோற் படித்து நிறைகுறை கூறுதல் முறையேயாகும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நாம் கண்ட பள்ளி நூலகங்கள் சிலவற்றை மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறோம். பள்ளிகளின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. குறை ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதாயின் பெயர் சொல்லலாம். இது எங்கும் பரந்து கிடப்பது.

கொடுத்தவர் விருப்பம்

அலமாரியைத் திறந்தால் என்ன காண்கிறோம்? பொது அறிவு வினாவிடைகள், போட்டித் தேர்வு வழிகாட்டிகள், ஒரே தலைவரின் வாழ்க்கை வரலாறு ஐந்து பதிப்பகத்தாரின் ஐந்து அட்டைகளில், அறிவுரைக் கோவைகள், எவரோ வீடு மாறியபோது கொடுத்தனுப்பிய பழைய வார இதழ்க் கட்டுகள், கலைக்களஞ்சியம் ஒன்றின் மூன்றாம் தொகுதியும் ஏழாம் தொகுதியும். எண்ணிக்கைப் பதிவேட்டில் நூல்கள் ஆயிரத்தைத் தாண்டும். பதினோரு வயதுப் பிள்ளை ஒன்று தானே கைநீட்டி எடுக்கக்கூடிய நூல் பத்துத் தேறினால் பெரிது.

இவற்றைக் கொடுத்தவர்கள் நல்லெண்ணம் படைத்தவர்கள். ஆயினும் ‘பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும்’ என்பது ஒன்றே அவர்கள் மனத்தில் இருந்தது; ‘பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்’ என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் நூலகம் பெரியவர்களின் அறிவுரை மூட்டையாக முடிந்துவிட்டது. மூட்டையைச் சுமப்பதில் எந்தப் பிள்ளைக்கும் ஆவல் பிறப்பதில்லை.

கதைப் புத்தகம் படிப்பைக் கெடுக்கும் என்பாரும் நம்மிடையே உளர். அவர்களுக்கு ‘கலீலா வ திம்னா’வை நினைவூட்ட விரும்புகிறோம். நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் 6-ஆம் நூற்றாண்டிற் பாரசீக நாட்டின் பஹ்லவி மொழிக்குச் சென்றன. 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவற்றை அரபியில் ஆக்கினார். அரபு உரைநடையின் தொடக்கப் பேராக்கங்களுள் ஒன்று, நரியும் எருதும் பேசும் இக்கதை நூலேயாகும். தம் முன்னுரையில் அவர் ஒரு கருத்தைச் சொல்கிறார்: இளைஞன் வேடிக்கைக்காக இதனைப் படித்து மனத்தில் இருத்திக்கொள்வான், பின்னர் அறிவு முதிர்ந்தபோது, பெற்றோர் தனக்கென வைத்துச் சென்ற புதையலைக் கண்டவன்போல் அதன் பொருளை உணர்வான் என்பது அதன் சாரம். இன்பம் முன்னே வரும். ஞானம் அதன் பின்னே வரும். இவ்வொழுங்கை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அரபு இலக்கியம் அறிந்திருந்தது.

குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா (1885–1939) எழுதிய ‘பகல் கனவு’ என்னும் கல்விக் கதையிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். அதில் வரும் ஆசிரியர் முதலிற் கதை சொல்கிறார்; பாடநூலுக்காகும் பணத்தைத் திரட்டி வகுப்பிற்கென ஒரு நூலகம் அமைக்கிறார். கதை கேட்ட பிள்ளைகள் கதை படிக்க ஓடிவருகிறார்கள். பாடநூலை அடியோடு ஒதுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வாசிப்பின் வாயில் எது என்பதில் அவருடைய தெளிவைப் பாராட்டுகிறோம்.

ஏணியின் படிகள்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித்துறை 2023-இல் ‘வாசிப்பு இயக்கம்’ என்ற பெயரில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 53 நூல்கள் வந்தன. அவை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்திய ஆண்டே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் சிறுவர் இதழ்களும் வெளிவந்தன. இம்முயற்சியை மனமாரப் பாராட்டுகிறோம். வகுப்பை வைத்து நிலை பிரிக்காமல், வாசிக்கும் ஆற்றலை வைத்துப் பிரித்தமை இதன் தனிச்சிறப்பு. எட்டாம் வகுப்பு மாணவன் ‘நுழை’யிலிருந்து தொடங்கினாலும் அவனுக்கு அது இழுக்காவதில்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ‘பற’ என்ற நிலையைக் கடந்த பிள்ளை எங்கே பறக்கும்? சில பக்கங்களே கொண்ட நூல்களைப் படித்து முடித்தவனுக்கு நூறு பக்க நூல் அடுத்துக் கிடைக்க வேண்டும். அதன்பின் முந்நூறு பக்க நாவல் கிடைக்க வேண்டும். பள்ளி அலமாரியில் அந்த நடுப்படிகள் பெரும்பாலும் இல்லை. ஒருபுறம் சிறு கதைநூல். மறுபுறம் முதுகலை மாணவனுக்குரிய ஆய்வுநூல். நடுப்படி இல்லாத ஏணியில் ஏறுவதெப்படி? அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் வாண்டுமாமாவின் சாகசக் கதைகளும் ஒரு தலைமுறைக்கே நடுப்படியாக நின்றவை. அவற்றையும், அவற்றின் வழியில் இன்று எழுதப்படுபவற்றையும் தேடி வாங்குவது நூலகப் பொறுப்பாசிரியரின் கடமை.

காலடியிற் கிடக்கும் நூல்

இவ்விரு மாவட்டங்களின் நிலமே ஒரு பெருநூல் எனலாம். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். சாத்தனூரிற் கிடக்கும் கல்மரம் ஏறக்குறைய 18 மீட்டர் நீளமும் 12 கோடி ஆண்டு வயதும் உடையதாகச் சொல்லப்படுகிறது. நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024-இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. ரஞ்சன்குடிக் கோட்டையோ 1751-இல் சந்தா சாகிபும் முஹம்மது அலியும் மோதிய போரைக் கண்டது.

2020-இல் குன்னம் பகுதியில் குளம் ஒன்றை ஆழப்படுத்தியபோது உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்ற செய்தி நாலாபுறமும் பரவியது. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். நிலவியலாளர் ஆராய்ந்து, அவை முட்டையல்ல, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரைச் சுற்றித் திரண்ட கற்கள் என்று விளக்கினர். அவ்வேளையில் இம்மாவட்டத்துப் பிள்ளைகளின் நெஞ்சில் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும்! அந்த ஆவலோடு ஒரு மாணவி தன் பள்ளி அலமாரிக்குச் சென்றிருந்தால், அம்மோனைட்டைப் பற்றித் தமிழில் எளிதாகச் சொல்லும் நூல் ஒன்றேனும் அவளுக்குக் கிடைத்திருக்குமா? நாம் கண்ட அலமாரிகளில் அத்தகைய நூல் இல்லை. ஆவல் பிறக்கும் நாளில் நூல் கைக்கு எட்டவேண்டும். ஆவல் அவிந்தபின் வரும் நூல் பதிவேட்டை நிரப்பவே உதவும். பாறை, பறவை, பழைய கோட்டை, ஏரி ஆகியவை பற்றிய நூல்கள் இவ்வட்டாரப் பள்ளிகளின் முதல் வரிசையில் நிற்கவேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

நூலுக்குள் நம் பிள்ளை

வி.களத்தூர், லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் நம் சமுதாயக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. அங்குள்ள பிள்ளை ஒரு கதைநூலைத் திறக்கும்போது தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டை அதில் காணுமா? எல்லாக் கதையும் நம்மைப் பற்றியதாயிருக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அந்நியர் வாழ்வை அறிவதற்காகவே பாதி வாசிப்பு. ஆனால் எந்தக் கதையிலும் தன்னைக் காணாத பிள்ளை, நூலுலகம் பிறருக்குரியது என்று எண்ணி ஒதுங்கிவிடக்கூடும்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ ஒரு சிறு நூல்; ஆயினும் கனமான நூல். கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி ஒருத்தியின் கதையை ஆசிரியை ஒருத்தி சொல்கிறாள். அதன் முடிவு துயரமானது. ஆகவே ஒன்பதாம் வகுப்பிற்கு மேற்பட்டோர்க்கே ஏற்றதென்போம். மாணவருக்கு முன்னர் ஆசிரியர்கள் அதனைப் படித்தல் இன்னும் நன்று.

வைக்கம் முஹம்மது பஷீரின் ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ தமிழிலும் கிடைக்கிறது. குஞ்ஞுபாத்தும்மா என்னும் பெண்ணுக்கு ஆயிஷா என்னும் தோழி எழுத்தறிவிக்கும் பகுதிகள் பெண்பிள்ளைகளின் மனத்தைக் கவரும். அதில் வரும் தாயோ, தன் தந்தைக்குக் கொம்பானை இருந்ததென்று ஓயாது பெருமை பேசுகிறாள். இறுதியில் தெருப்பிள்ளைகள், அது மண்ணிற் குழிபறித்து வாழும் குழியானைப் பூச்சி என்று நகைக்கிறார்கள். சிரிப்பும் சிந்தனையும் இவ்வளவு இயல்பாகக் கலந்த நாவல்கள் அரியன. இவ்விரு நூல்களும் நம் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் இருக்கவேண்டியவை.

சாவி யாரிடம்?

சிறந்த நூல்களே இருந்தாலும் அலமாரி பூட்டியிருந்தால் யாருக்குப் பயன்? நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பதைத் தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார், நூலகவியலறிஞர் சீ. இரா. ரங்கநாதன். அவரது நூல் 1931-இல் வெளிவந்தது. தொண்ணூறாண்டுகள் கடந்தும் முதல் விதியையே நாம் இன்னும் நிறைவேற்றவில்லை. நூல் கிழிந்தால் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்ற அச்சமே பூட்டுக்குக் காரணம். கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல் என்று கல்வி அதிகாரிகள் ஏற்றுக்கொண்டால் பாதிப் பூட்டுகள் திறந்துவிடும்.

மதரஸாக்களின் பழைய மரபில் இரண்டு வழக்கங்களைப் பள்ளி நூலகம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் ஸமாஃ. நாள்தோறும் பத்து நிமிடம் ஆசிரியர் ஒரு கதையைப் படித்து, சுவையான இடத்தில் நிறுத்திவிட்டால், மீதியைப் படிக்க அந்நூலுக்குப் போட்டி எழும். மற்றொன்று ஹாஷியா என்னும் ஓரக்குறிப்பு. கிதாபின் ஓரங்களில் முன்னோர் தம் விளக்கத்தையும் ஐயத்தையும் எழுதிவைத்தனர். அதுபோல் நூலகத்தில் ஒரு குறிப்பேட்டை வைத்து, படித்த நூலைப் பற்றிப் பிள்ளைகள் இரண்டு வரி எழுதட்டும். ‘சலிப்பாயிருந்தது’ என்று எழுதவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். அடுத்த ஆண்டு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதற்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

ஜமாஅத்தின் பங்கு

பெரம்பலூரில் 2012-இல் புத்தகத் திருவிழா தொடங்கியது. 2017-இல் மறைந்த மாணவி அனிதாவின் நினைவாக அரியலூர் மாவட்டம் குழுமூரில் அவர் குடும்பத்தார் நூலகம் அமைத்துள்ளனர். பிள்ளையின் நினைவுக்கு நூலகமே தக்கதென்று கருதிய அம்மனப்பாங்கு போற்றத்தக்கது.

நம் ஜமாஅத்துகளும் வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்களும் பள்ளிகளுக்கு வாரி வழங்குகின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நூல்களைக் கட்டாக வாங்கி அனுப்பாதீர்கள்; பணத்தைக் கொடுத்து, நூல் படிக்கும் ஆசிரியர் இருவரையும் மாணவ மாணவியர் பதின்மரையும் புத்தகத் திருவிழாவிற்கு அனுப்புங்கள். அவர்கள் புரட்டிப் பார்த்துத் தேர்ந்து வாங்கட்டும். குறிப்பாக, மாலையில் ஊர்ப்புற நூலகத்திற்குச் செல்ல வாய்ப்பில்லாத நம் பெண்மக்கள் பலருக்குப் பள்ளி அலமாரியே முதல் நூலகம். திருமணத்திற்குப் பின் எண்ணிப் பார்த்தால், சிலருக்கு அதுவே கடைசி நூலகமும் ஆகும்.

குர்துபாவில் இரண்டாம் ஹகமின் நூலகத்தில் 4 இலட்சம் நூல்கள் இருந்ததாக மேடைதோறும் பேசுகிறோம். பக்தாதின் பைத்துல் ஹிக்மாவை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். அவை மெய்யாகவே பெருமைக்குரியன. ஆனால் நம் ஊர்ப் பள்ளியின் அலமாரி பூட்டிக் கிடக்கும்வரை, அப்பெருமையைக் கேட்கும் பிள்ளைகளுக்கு அது உப்பப்பாவின் ஆனையாகவே தோன்றும். முன்னோர் சேர்த்த நூல்களின் எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன், இவ்வாரம் நம் பிள்ளை படித்த நூலின் பெயரைக் கேட்டறிவோமாக. நல்ல முயற்சிக்கு வல்ல நாயன் துணைபுரிவானாக.