யாருக்கு இந்தப் பாடம்? – இணையவழித் தமிழ்க் கல்வி பற்றி ஒரு திறனாய்வு

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு நடந்தபோது, உலகெங்கும் வாழும் தமிழர்க்கென இணையவழியே ஒரு பல்கலைக்கழகம் அமையும் என்று அன்றைய முதல்வர் கலைஞர் அறிவித்தார். 2001 பிப்ரவரி 17 அன்று அது தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகப் பிறந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. அதன் மின்நூலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கல்லூரிப் படிப்பு வாய்க்காமல், கிடைத்த நூலைக் கிடைத்த நேரத்தில் படித்துத் தேறிய என்னைப் போன்றவனுக்கு, தில்லியில் உட்கார்ந்த இடத்திலேயே சங்க நூல்களையும் காப்பியங்களையும் உரையோடு பார்க்க முடிகிறதென்றால் அது அன்னசத்திரம்தான்.

ஆனால் நூலகம் வேறு, பாடம் வேறு. நூலகத்துக்கு வருகிறவன் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருகிறான். பாடத்துக்கு வருகிற பிள்ளைக்கு அது தெரியாது. பாடம் அமைப்பவர்தான் முன்கூட்டியே விசாரித்து அறிய வேண்டும். சரக்கு இறக்குமுன் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது கடைக்காரனுக்கு அரிச்சுவடி. மழலைக் கல்வி, சான்றிதழ், பட்டயம், இளநிலைத் தமிழியல் பட்டம் என்று படிப்படியாக ஏணி கட்டியிருக்கிறார்கள். நல்ல ஏணிதான். பாடத்தின் எளிமை கடுமையை வைத்துக் கட்டிய ஏணி அது. ஏறுகிற பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வைத்துக் கட்டியதல்ல.

நம் தில்லிப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காது நிறையத் தமிழ் இருக்கிறது. கையில் ஓர் எழுத்தும் இல்லை. என் பேத்திக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்து 'தம்பி' என்ற சொல்லை வாசிக்கச் சொன்னேன். பகரத்தைப் 'பல்' என்பதில் வருவது போலவே அழுத்தி வாசித்தாள். வீட்டில் நாள் முழுக்கத் தம்பியைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவள்தான்! இந்தியில் ககரம் ஒன்றுக்கே நான்கு எழுத்து. எழுதியது எதுவோ அதுதான் ஒலி. அந்தப் பழக்கத்தில் தமிழுக்கு வருகிற பிள்ளை, ஓர் எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும் என்று எதிர்பார்ப்பதில்லை. மெல்லெழுத்தை அடுத்து வரும் வல்லெழுத்து மெலிந்து ஒலிக்கும் என்ற விதியைத் தமிழே அறியாத வெளிநாட்டவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். தில்லிப் பிள்ளைக்கோ, "நீ எப்படிக் கூப்பிடுவியோ அப்படியே வாசிம்மா" என்ற ஒரே வார்த்தை போதும். மூன்று பேருக்கும் ஒரே பாடத்தை வைத்தால் ஒருத்தருக்கு மிச்சம், ஒருத்தருக்குப் பற்றாக்குறை.

இந்தப் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் தலைவராக இருந்த வா.செ. குழந்தைசாமி இதை அறியாதவர் அல்லர். 1990 முதல் 94 வரை நம் தில்லியில் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தொலைநிலைக் கல்வியில் தோய்ந்தவர். உகர, ஊகார உயிர்மெய்கள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவது கற்கிற பிள்ளைக்குச் சுமை என்று பல ஆண்டுகள் வாதாடினார். வாஸ்தவம்தான். இந்தியில் ஒரே குறியை அடியில் போட்டுப் பழகிய பிள்ளை கு, சு, து, பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கும்போது முகத்தைச் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு அவர் கண்ட மருந்து எழுத்தையே சீர்திருத்துவது. 1978இல் அரசாணையால் பெரியார் முறை எழுத்துகள் வந்ததைப் போல இன்னொரு படி போக வேண்டும் என்றார். நோயைச் சரியாகக் கண்டவர் மருந்தில் பிசகினார் என்பது என் கட்சி. எழுத்தை மாற்றினால் பழைய அச்சுநூல்களெல்லாம் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகிவிடும். பாடத்தின் வரிசையை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சில் அடிக்கடி வரும் சொற்களில் உள்ள உகரங்களை முதலில் வைத்து, அபூர்வமானவற்றைப் பின்னால் தள்ளிவிடலாமே!

ஆளுக்கேற்பப் பாடம் என்பது புதுச் சரக்கும் அல்ல. பெஸ்கி பாதிரியார் லத்தீனில் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் எழுதினார். முதலாவது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. கப்பலில் வந்து இறங்குகிறவருக்கு முதலில் வேண்டியது சந்தையில் பேசும் தமிழ் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளையின் நிலைமை இதற்கு நேர் எதிர். 'வந்தாங்க' அதற்குத் தெரியும். 'வந்தார்கள்' புத்தகத்தில் வரும்போதுதான் அந்நியமாகப் படுகிறது.

அவருக்கும் ஐந்நூறு ஆண்டு முன்னால், 13ஆம் நூற்றாண்டில், எங்கள் சமண முனிவர் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் ஆசிரியனுக்கு இட்ட கட்டளை, காலமும் இடமும் பார்த்து, கற்பவன் எவ்வளவு, எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து கொடு என்பது. அன்னம், பசு, கிளி, எருமை என்று அவர் மாணாக்கரை வகைப்படுத்தியதைப் பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே பலர் எடுத்தாள்கிறார்கள்; எனக்கு அது பிடிப்பதில்லை. அதைவிட அருமையான கணக்கு ஒன்று அங்கே இருக்கிறது. ஆசிரியன் சொன்னதை நன்றாகக் கேட்டால் கால் பங்கு அறிவுதான் சேரும். உடன் கற்போரோடு பழகிக் கால் பங்கு. பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு.

கணினித் திரை எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் அது முதல் கால் பங்கு. இரண்டாவதற்கு நாலு பிள்ளைகள் கூட வேண்டும். இணையப் பல்கலைக்கழகம் தொடர்பு மையங்களை வைத்தது சரியான யோசனை. ஆனால் மையம் என்றால் சேர்க்கையும் தேர்வும் மட்டும் என்று நின்றுவிடக்கூடாது. மூன்றாவது அரைப் பங்குக்கு, ஞாயிறு வகுப்பில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2020இல் கொரோனா வந்து எல்லாமே திரைக்குள் போனபோது, இந்த முக்கால் பங்கும் எங்கே போயிற்று என்பதை வீட்டுக்கு வீடு பார்த்தோம்.

2022இல் கல்விக்கழகத்தின் கீழ்த் தமிழ்ப் பரப்புரைக் கழகம் தொடங்கி, வெளிநாட்டோடு வெளிமாநிலத் தமிழரையும் சேர்த்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் வெளிமாநிலத் தமிழர் என்று ஒரே ஆள் உண்டா? 2025 சூன் 1 அன்று, உயர்நீதிமன்ற உத்தரவின்படி, ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி உண்டு என்று தீர்மானிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வீடு நகரின் வடகோடியில், நரேலாவில். தில்லி தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் உண்டு. நரேலாவில் ஒன்றும் இல்லை. பள்ளியில் தமிழ் படித்துவந்த அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும், வீட்டில் பேச்சும் தமிழே. எட்டாமல் போனது ஆசிரியர். மயூர் விகாரில் கணினியும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஒருவனுக்கு அகரம் தொடங்கி வேண்டும். மற்றவனுக்கு அகரத்தில் தொடங்கினால் அவமானம்.

ஆகவே பாடம் எழுதுமுன் ஒரு தாளில் சில கேள்விகள் போதும். பிள்ளையின் கை எந்த எழுத்தில் எழுதுகிறது? வீட்டில் தமிழ் பேசுபவர் யார்? தேர்வுக்கா, ஊரில் பாட்டியோடு எழுதிக்கொள்ளவா? கைப்பேசி யாருடையது? நரேலாவுக்கு ஓர் ஆசிரியர் வாரம் ஒருநாள் போய்வந்தால், மற்ற நாட்களைக் கைப்பேசிப் பாடம் பார்த்துக்கொள்ளும். அது எந்த நாள், வேலைக்குப் போன அப்பாவின் கைப்பேசி ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது என்பதை அந்த வீடுகளுக்கே போய்க் கேட்டுவிட்டுப் பாடத்தை எழுதத் தொடங்கலாம்.