தீர்ப்பில் இல்லாத பெயர்

விசாகா தீர்ப்பைப் பற்றி நானும் பல வருடங்கள் வாசிக்காமலேயே மேடையில் பேசியிருக்கிறேன். மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டி வந்தபோதுதான் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். பன்வாரி தேவியின் பெயரைத் தேடினேன். இல்லை.

ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் ஒரு சமூக சேவகி கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானதாகச் சொல்லப்படும் சம்பவம்தான் மனுவுக்கு உடனடிக் காரணம் என்கிறது தீர்ப்பு. அது தனிக் குற்ற வழக்கு, நாங்கள் மேற்கொண்டு அதைப் பேசத் தேவையில்லை என்று அடுத்த வரியிலேயே நகர்ந்துவிடுகிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது புரிகிறது. பெயரை மறைப்பது பாதுகாப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் மட்டுமா விடுபட்டது?

பட்டேரி கிராமத்தில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது தோழி, என்ற பொறுப்பில் இருந்தவர் பன்வாரி. 1992இல் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். அது சேவை அல்ல, அரசு அவரிடம் ஒப்படைத்த வேலை. அந்த வேலையைச் செய்ததற்காகவே ஆதிக்க சாதி ஆண்கள் அவரைத் தாக்கினார்கள். அவர் குயவர் சாதி. 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணை அப்படிச் செய்திருக்க மாட்டார்களாம். தொட்டால் தீட்டு என்ற சாதி நியாயம், அதனால் தொட்டிருக்க மாட்டார்கள் என்று சட்ட நியாயமாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, 1997 ஆகஸ்ட் 13 அன்று வந்த விசாகா தீர்ப்பில் அவருடைய சாதியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் பாலியல் துன்புறுத்தலுக்கான வரையறை. அந்த நடத்தையை அவள் விரும்பினாளா, இல்லையா என்பதே அதில் அளவுகோல். கத்தினாளா, காயம் இருந்ததா என்று கேட்டே பழகிய நீதிமன்றங்களின் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. புகார்க் குழுவுக்குப் பெண்தான் தலைவர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரைக்கும் வழிகாட்டுதல்களையும் எழுதிவைத்தார்கள். சட்டம் வர 2013 ஆனது. வேலை நிமித்தம் போகும் இடமும் பணியிடம்தான் என்று அது சொல்கிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடம் கொடுத்தது. கூடவே, தீய நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை என்று 14ஆம் பிரிவையும் சேர்த்தது. இந்த மிரட்டல் எதற்கு? பொய் சொன்னதாக ஊரே பன்வாரியைத்தானே தூற்றியது.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “அவங்களுக்கு என்ன கெடைச்சுது மேடம்?”

விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் கிடந்தது, 2007க்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் செத்தே போனார்கள் என்றேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

இப்போது விசாகா தீர்ப்பின் நகலோடு அந்த 1995 விடுதலை பற்றிய செய்தியையும் சேர்த்தே கொடுக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கிறோம்.