விடை கைமாறுகிறதா, கேள்வி கைமாறுகிறதா?

ப்ளஸ் டூ கணக்கில் "இதச் சொல்லிக் குடுடா" என்று கேட்பவன் ஒரு ரகம். "நோட்டக் குடுடா" என்று கேட்பவன் இன்னொரு ரகம். கூடிப் படிப்பதைப் பாராட்டுகிறவர்கள் முதல் பையனை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், குறை சொல்கிறவர்கள் இரண்டாவது பையனை வைத்து. உண்மையில் இருவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பல சமயம் இருவரும் ஒரே பையன்தான். காலையில் கேட்டுப் புரிந்துகொள்கிறவன் பரீட்சை நெருங்கியதும் நோட்டு கேட்கிறான்.

திண்டுக்கல்–நத்தம் சாலையில் இருக்கும் சாணார்பட்டி மாதிரி ஊர்களில் இந்தப் பழக்கத்தை எடைபோடும்போது, அதற்கு மாற்றாக என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கலப்பு எண்ணிலோ தொகை நுண்கணிதத்திலோ சந்தேகம் வந்தால் கேட்க, வீட்டில் ஆள் இருப்பது அபூர்வம். ட்யூஷன் என்றால் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டும், பீஸும் கட்ட வேண்டும். ஆசிரியருக்கோ பாடத்தை முடிக்கும் அவசரம். கடைசியில் மிஞ்சுவது பக்கத்து பெஞ்சு.

அந்தப் பக்கத்து பெஞ்சால் என்ன முடியும் என்பதை ஒரு கணக்கிலேயே பார்க்கலாம். கூம்பு வடிவத் தொட்டி, முனை கீழே. உயரம் 12 மீட்டர், மேல்விளிம்பின் ஆரம் 6 மீட்டர். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆழம் 8 மீட்டராக இருக்கும்போது நீர்மட்டம் என்ன வேகத்தில் ஏறும்? பலர் கன அளவின் சூத்திரத்தில் ஆரத்துக்கு 6 என்று போட்டு, வகையிட்டு, 5/(6π) என்று முடித்துவிடுவார்கள். படிகளெல்லாம் ஒழுங்காக இருப்பதால் தப்பு கண்ணில் படாது. அப்போது பக்கத்தில் இருப்பவள், "எட்டு மீட்டர்ல தண்ணி நிக்கிறப்பவும் ஆரம் ஆறுதானாடி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆரம் உயரத்தில் பாதி என்பது பிடிபடும். கணக்கை முதலிலிருந்து போட்டால் 5/(8π) வரும். இன்னொருத்தி அதையே வேறு வழியில் பார்க்கலாம்: அந்த நொடியில் நீர்ப்பரப்பின் ஆரம் 4, பரப்பு 16π, பத்தை அதால் வகுத்தால் அதே விடை. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வழியைத்தான் போடுவார், நேரம் அவ்வளவுதான். இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேரும் வியப்பு சக மாணவிகளுக்கு நடுவில்தான் அதிகம் நிகழ்கிறது. இந்தப் பழக்கத்தின் ஆகப்பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான்.

ஆனால் அதே பெண், "ஆரத்துக்கு h/2 போடு" என்று சொல்லியிருந்தால்? விடை வந்திருக்கும், வேறொன்றும் வந்திருக்காது. அடுத்த தொட்டிக் கணக்கிலும் தோழி 6 என்றுதான் போடுவாள்.

1970களின் பிற்பகுதியில் கணிதக் கல்வியாளர் யூரி டிரைஸ்மன், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் படித்த மாணவர்களைக் கூர்ந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனியாகவே உழைத்துத் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து படித்தார்கள், தேறினார்கள். இந்தக் கதையைப் பாதியாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சீன மாணவர்கள் முதலில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள், பிறகே கூடி விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை ஒருவர் பிடித்தார்கள். டிரைஸ்மன் பின்னர் நடத்திய பயிலரங்கிலும் எளிய கணக்கு தந்து தேற்றவில்லை. கடினமான கணக்குகளைத் தந்து கூட்டாக மோதவிட்டார். தனியே முட்டிப் பார்க்காதவனிடம் வட்டத்துக்கு வந்து கேட்பதற்குக் கேள்வியே இருக்காது.

நம் பள்ளிகளின் 'குரூப் ஸ்டடி' இங்கேதான் சறுக்குகிறது. நன்றாகப் படிப்பவரை 'குரூப் லீடர்' ஆக்கி, நான்கைந்து பேரை அவரிடம் ஒப்படைத்து, ஒன் வேர்டு ஒப்பிக்கச் சொல்லி, சொல்லாதவர் பெயரை எழுதித் தரச் சொல்வது சட்டாம்பிள்ளை முறைதான். திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது அது. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இருந்த ராணுவ அனாதை இல்லத்தில் மூத்த பிள்ளைகளை வைத்து இளையவர்களுக்குக் கற்பித்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அது உலகெங்கும் பரவியது. எழுத்தும் வாய்ப்பாடும் சொல்லித்தர அது போதும், செலவும் குறைவு. தொட்டிக் கணக்குக்குப் போதாது. லீடரிடம் "எனக்குப் புரியல" என்று சொல்லத் தயங்குபவள், தோழியிடம் தயங்க மாட்டாள்.

தேர்வும் இந்த ஒப்பிக்கும் பழக்கத்துக்குத் துணை போகிறது. எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு, 35 ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு. புத்தகக் கணக்குகள் அப்படியே வரும் என்ற நம்பிக்கையும் கையில் ஒரு கைடும் இருந்துவிட்டால், வட்டத்தில் பேச என்ன இருக்கிறது? பார்டரில் நிற்கும் பிள்ளை கைடைப் பார்த்துப் பாஸாவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பாஸ் அவளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோகும். ஆனால் சென்டம் வாங்கிப் பொறியியலில் சேர்ந்தவர் முதல் பருவத்தில் திணறும்போது, இந்த வட்டங்களில் என்ன கைமாறியது என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவரின் நேரம் வீணாகிறது என்று பெற்றோர் சிலர் அஞ்சுவார்கள். ஏன் அப்படி என்று விளக்கினால் விளக்குபவருக்குத்தான் லாபம் அதிகம். வெறும் நோட்டைக் கடன் கொடுத்தால் அவருக்கும் ஒன்றுமில்லை. ஒரே ஆள் மாலைதோறும் ஐந்து பேரைச் சுமப்பது மட்டும் நியாயமில்லை, அந்த இடம் சுழல வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மாலை என்ற நேரம். பள்ளி விட்ட பிறகு வட்டம் கூடினால் உள்ளூர்ப் பையன்கள் இருப்பார்கள். பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் இருக்க மாட்டார்கள். வீட்டு வேலை காத்திருப்பவர்களும் அப்படித்தான். கேள்வி கேட்டுப் பழக வேண்டியவர்களில் பாதிப் பேர் அப்போதே வெளியே. வாரத்துக்கு ஒரு கணக்குப் பீரியடைக் கால அட்டவணையிலேயே இதற்கு ஒதுக்கலாம். முதல் பத்து நிமிடம் யாரும் யாரிடமும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் போடட்டும், பிறகு திரும்பி உட்காரட்டும். ஆசிரியர் நடுவே நடந்து, விடையைச் சொல்லிவிடும் வாய்களை மட்டும் அடக்கினால் போதும்.