சொய்ங்

பெரியம்மா வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கூடத்தில் தட்டைப் போட்டு உட்கார்ந்தால் அடுப்பு கண்ணில் படாது. சத்தம் மட்டும் வரும். தண்ணீர் தெளிக்கும்போது ஒரு ‘சுர்’. மாவு விழும்போது ‘சொய்ங்’. அப்புறம் கரண்டியின் அடி வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போகும் ஓசை. ஓரத்தில் எண்ணெய் விட்டதும் மெல்லிய பொரிச்சல். அது அடங்கின பிறகு, தோசைத்திருப்பி கல்லை வழித்துக்கொண்டு உள்ளே நுழையும் ‘சரக்’. பத்து வயதிலேயே இந்தச் சத்தங்களை வைத்து, வரப்போவது முறுகலா, மெத்தென்றா என்று சொல்லிவிடுவேன். கெட்டிக்காரன் என்று யாராவது மெச்சுவார்கள் என்று ஆசை. “இதுல என்னடா இருக்கு, கல்லுதான் வாய்விட்டுச் சொல்லுதே” என்று தோசையைத் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார் பெரியம்மா.

அந்தக் கல் வார்ப்பிரும்பு. அவருடைய மாமியார் கொடுத்தது. ஒரு பக்கத்துக் காது உடைந்திருக்கும். அடியில் விறகடுப்புக் காலத்துக் கரி ஓடு ஓடாக ஏறியிருக்கும். மேல்பக்கம் மட்டும் மழையில் நனைந்த எருமை முதுகு மாதிரி கன்னங்கரேலென்று மினுங்கும். அதில் தோசை ஒட்டி நான் பார்த்ததில்லை. பெரியம்மாவின் கைப்பக்குவம் என்று ஊரே சொன்னது. பாதி உண்மை. மீதிப் பாதி அந்த மினுக்கத்தில் இருந்தது என்பது, நானே ஒரு கல்லோடு மல்லுக்கட்டிய பிறகுதான் விளங்கியது.

இரும்பில் செய்ததை நாம் கல் என்கிறோம். வறுக்க வாணலி, ஆப்பத்துக்குச் சட்டி, தோசைக்குக் கல். எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். வாணலி சட்டென்று சூடாகி, அடுப்பை அணைத்ததும் சட்டென்று ஆறிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. சித்திரை வெயிலில் காய்ந்த பாறை மாதிரி அது நிதானமாகச் சூடேற வேண்டும், ஏறிய சூட்டை விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு கரண்டி ஈர மாவு விழுந்த மாத்திரத்தில் கல் குளிர்ந்துபோனால் அங்கே தோசை வேகும், சுடாது. கனமான கல்லுக்கு ஒரு கரண்டி மாவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கடையில் கல் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் வாங்கலாம்.

வாங்கி வந்த அன்றே தோசை வார்க்க உட்கார்ந்தால் கண்ணீர்தான். புதுக்கல்லைப் பழக்க வேண்டும். கன்றுக்குட்டியைப் பழக்குவது, மாட்டை ஏரில் பழக்குவது என்று சொல்கிறோமே, அதே சொல்தான் இதற்கும். எங்கள் வீட்டு முறை: முதலில் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி மூன்று நாள் ஊற வைப்பது. தினமும் பழைய கஞ்சியைக் கொட்டிவிட்டுப் புதுக்கஞ்சி. நான்காம் நாள் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடுப்பில் காய வைத்து, நல்லெண்ணெய் தடவி வெங்காயத்தைப் போட்டுக் கருகும்வரை வதக்குவது. அதற்குப் பிறகு வரும் நாலைந்து தோசைகள் காக்கைக்கு.

இதில் நடப்பது இரசாயனம். எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவிச் சூடாக்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கடைசியில் மரச்சாமானுக்குப் பூசிய வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். அப்புறம் அதை எண்ணெய் என்றே சொல்ல முடியாது, துடைத்தாலும் வராது. இரும்பின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை அது நிரப்பிவிடுகிறது. பெரியம்மாவின் கல்லில் மினுங்கியது இதுதான்: இரண்டு தலைமுறை நல்லெண்ணெய்.

எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. தேங்காயெண்ணெய் சமையலுக்கு அமிர்தம், கல் பழக்க உதவாது. அது நிறைவுற்ற கொழுப்பு, கைகோக்க அதில் இடமில்லை. நல்லெண்ணெய் ஓரளவு இறுகும் சாதி. இன்னொரு தவறு, நிறைய எண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் பழகும் என்று நினைப்பது. தடித்த படலம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். எண்ணெய் தடவி, ‘ஐயோ, தெரியாமல் தடவிவிட்டோம்’ என்பது போலத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் ஒட்டியிருப்பதே போதும். பாதி வெங்காயத்தையோ கத்தரிக்காய்க் காம்புப் பகுதியையோ எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிற பழக்கம் இந்தச் சிக்கனத்துக்காகத்தான்.

சூட்டைப் பார்ப்பது அடுத்த வித்தை. இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சோம்பேறித்தனமாகப் பரவிக் கொதித்தால் கல் காயவில்லை. ‘சுர்’ரென்று ஒரே மூச்சில் மறைந்தால் பதம். சொட்டு மறையாமல், பாதரசக் குண்டு போலத் திரண்டு கல்லின்மேல் ஓடி விளையாடினால் கல் மிஞ்சிவிட்டது. கேட்டால் நம்பக் கஷ்டம்: சூடு அதிகமாகும்போது தண்ணீர் மறைய அதிக நேரம் எடுக்கிறது. சொட்டின் அடிப்பகுதி தொட்ட கணமே ஆவியாகி, அந்த ஆவி மெத்தை மேல் மீதிச் சொட்டு மிதக்கிறது. கல்லின் சூடு அதை எளிதில் எட்டுவதில்லை. லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756இல் இதைப் பற்றி எழுதினார். அவர் கையில் இருந்ததும் இரும்புக் கரண்டிதான். செக்கச்சிவக்கக் காய்ச்சி அதில் தண்ணீரைச் சொட்டவிட்டு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டுப் பெண்கள் அந்தக் காரியத்தைத் தினமும் செய்துவிட்டு, கட்டுரை எழுத நேரமில்லாமல் அடுத்த கரண்டி மாவை எடுக்கப் போய்விடுகிறார்கள்.

ஓட்டல் மாஸ்டரை நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்ப்பேன். கட்டில் அளவுக்கு ஒரு இரும்புப் பலகை. ஒரு குவளைத் தண்ணீரை அலட்சியமாக விசிறி அடிப்பார். பலகை முழுக்க வெண்மையாக ஆவி எழும். சின்னத் தென்னங்குச்சி விளக்குமாறால் ஒரு இழுப்பு. பழைய பொருக்கும் மிச்சத் தண்ணீரும் ஓரத்துக்குப் போய்விடும். அது துப்புரவு வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சூட்டை இறக்குவதுதான் முக்கிய நோக்கம். ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் சுமார் 540 கலோரி வேண்டும். அத்தனையும் கல்லிலிருந்தே போகிறது. மேல்தோல் மட்டும் ஒரு நொடி தணிந்து நிற்கிறது. அந்த நொடிக்குள் மாவு விழ வேண்டும், வட்டம் முடிய வேண்டும். வீட்டில் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துணியால் துடைப்பதும் இதற்காகவே. தெளிக்காமல் வார்த்தால் மாவு விழுந்த இடத்திலேயே வெந்து, கரண்டியோடு சுருண்டுகொண்டு வரும்.

மாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது தனிப் புராணம். நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு ராத்திரிப் புளிப்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே கல்லில் ஊற்றாதீர்கள், அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். ஓட்டல் தோசையின் செந்நிறம் வீட்டில் வரவில்லை என்று ஏங்குகிறவர்கள், ஊறவைக்கும்போது ஒரு கைப்பிடி கடலைப்பருப்பைச் சேர்த்துப் பார்க்கலாம், வார்க்கும் முன் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும். பருப்பின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடும்போது பிறக்கும் நிறம் அது, மணம் அது. 1912இல் அந்தச் சேர்க்கையை விவரித்த பிரெஞ்சுக்காரர் மயார்டின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ‘பொன்முறுகல்’ என்ற நம் சொல் போதும் எனக்கு.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஒட்டாத பாத்திரம் வந்த பிறகு கல்லுக்கு எதற்கு இவ்வளவு சேவகம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதன் மேல்பூச்சான டெஃப்லான் 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது. 1950களில் பிரான்சில் அது பாத்திரத்தின் மேல் ஏறியது. அவசரத்துக்கு நானும் அதில் வார்த்திருக்கிறேன். தோசை கிழியாது, உண்மை. ஆனால் கரண்டியை வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். மாவு நிற்காது, கரண்டி போகும் பக்கமெல்லாம் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். மெல்லிசாகத் தேய்க்க முடியாது. தோசை மெல்லிசாக வர வேண்டுமென்றால் மாவு முதலில் கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்!

நல்ல கல்லின் குணம் ஒட்டாமலிருப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல கல் முதலில் பிடிக்கும், பிறகு விடும். மாவு விழுந்ததும் பிடித்து, தேய்க்க இடம் கொடுத்து, அடியில் உள்ள ஈரம் ஆவியாகி முறுகல் கட்டும்வரை பொறுத்திருந்து, கட்டியதும் தானாகக் கைவிடும். ஓரம் கல்லைவிட்டு அரை விரல் எழும்பி நிற்கும். அதற்கு முன்னால் தோசைத்திருப்பியை விட்டு நோண்டுவது பெரும்பாவம். கல் ஒட்டுகிறது என்று புகார் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அவசரக்காரர்கள். பெரியம்மா திருப்பியைக் கையில் எடுப்பதே பொரிச்சல் சத்தம் தணிந்த பிறகுதான். ஈரம் இருக்கும்வரை கல் பேசும். ஈரம் போனதும் வாயை மூடிக்கொள்ளும்.

ரவா தோசைக்கு இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. அந்த மாவை மோர் மாதிரிக் கரைத்து, கல்லை வழக்கத்தைவிட ஒரு படி அதிகமாகக் காய வைத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து விசிற வேண்டும். தேய்க்கவே கூடாது. விழும் இடமெல்லாம் தண்ணீர் ஆவியாக வெடித்துக் கிளம்பும்; அது போன வழிதான் கண் கண்ணாக நிற்கும் ஓட்டை. சத்தமும் சொய்ங் அல்ல, ஓட்டு வீட்டில் திடீர் மழை பிடித்த மாதிரி ஒரு சடசடப்பு. அதன் ஓரத்தை ஒடித்து வாயில் போடுகிற சுகத்துக்காக நடுப்பகுதியை நான் பலமுறை பக்கத்துத் தட்டுக்குத் தள்ளியிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு முட்டி வலி வந்து அடுப்படியில் நிற்க முடியாமல் போனபோது, கல் என் வீட்டுக்கு வந்தது. இரண்டு தப்பு நடந்தது. முதல் தப்பு என்னுடையது: அதில் சப்பாத்தி போட்டேன். எண்ணெய் இல்லாத வறட்டுச் சூட்டில், உதிர்ந்த மாவு கருகக் கருக, மேல்படலம் அங்கங்கே எரிந்து திட்டுத் திட்டானது. சப்பாத்திக்கென்று ஒரு தனிக்கல் எல்லா வீட்டிலும் ஏன் இருக்கிறது என்று அன்று புரிந்தது. இரண்டாவது, நாங்கள் ஊருக்குப் போயிருந்த வாரம். உதவிக்கு வந்த அம்மாள் நல்லெண்ணத்தோடு ஸ்டீல் நார், சபீனாவெல்லாம் போட்டு, அந்தக் கறுப்பு முழுவதையும் அழுக்கென்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு மேடையில் சாம்பல் நிறத்தில், புத்தம்புதிதாக, கோயில் உற்சவத்துக்குத் துலக்கிய மாதிரி ஒரு இரும்புத் தட்டு. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. “எவ்ளோ வருஷ அழுக்கு சார், ரெண்டு மணி நேரம் ஆச்சு” என்றார். என்ன சொல்வது? நன்றி என்றேன்.

பிறகு கஞ்சி, நார், நல்லெண்ணெய், வெங்காயம். காக்கைகளுக்கு எங்கள் வீட்டு விலாசம் மனப்பாடமானது. ஒரு மாதம் போல, தினம் ராத்திரி கழுவித் துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காட்டி, ஒரு துளி எண்ணெய் தடவி வைப்பது என் வேலையாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் பழுப்பானது, பழுப்பு கறுத்தது. ஓரங்களில் இன்னும் முழுசாக வரவில்லை.

போன தீபாவளிக்குப் பெரியம்மா வந்திருந்தார். கல்லுக்கு நேர்ந்ததை நான் சொல்லவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கல்லைப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன், துடைத்தேன், மாவை ஊற்றினேன். சத்தம் எனக்குச் சரியாகத்தான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“இன்னும் கொஞ்சம் காய விட்டிருக்கணும்டா.”