ஆள் பாதி, ஆடை பாதி: படைவீரர் சிற்றுருவக் கலை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும், படைவீரர் சிற்றுருவங்களைக் கண்டு வியப்போர் அப்பழமொழியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் இரண்டங்குல உயரமே உள்ள வீரன் ஒருவன் நிற்கிறான். கன்னத்தில் குளிரின் சிவப்பு. காலணியில் காய்ந்த சேறு. தோளில் வெயில் பட்டு வெளுத்த துணி. காண்போர் வண்ணம் தீட்டிய கையைப் புகழ்கின்றனர். அப்புகழில் தவறில்லை, ஆனால் அது பாதிப் புகழே. சேறு ஒட்டுவதற்கு ஒரு மடிப்பு வேண்டும். சிவப்புப் படர்வதற்கு ஒரு கன்னம் வேண்டும். இரண்டும் தூரிகை தொடுமுன்பே அமைந்துவிட்டவை.

ஆகவே, இக்கலையைத் திறனாய்வோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, வண்ணம் எப்படி என்பதன்று. வண்ணம் ஏறுமுன் அவ்வுருவம் எப்படி இருந்தது என்பதே. இரண்டாவது கேள்வி அதனினும் கடியது: அங்கே நிற்பது ஆளா, ஆடையா?

விளையாட்டுப் பொருளும் கலைப்பொருளும்

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரம் வெள்ளீய வீரர்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. கற்பலகையில் குழிவாகச் செதுக்கிய அச்சில் வார்க்கப்பட்ட அவ்வீரர்கள் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரம், பருமனிலோ வெறுந்தகடு. 1893-இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் வேறொரு முறையைக் கொண்டுவந்தனர். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவிலிருப்பதை வெளியே வடித்துவிடுவது அம்முறை. ஈயம் மிச்சமாயிற்று, விலை குறைந்தது, உள்ளே வெற்றிடமுள்ள வீரன் வீடுதோறும் புகுந்தான். அவனுடைய 54 மில்லிமீட்டர் உயரம் இன்றும் இக்கலையின் தலையாய அளவுகளுள் ஒன்று. ஐந்தடி எட்டங்குல மனிதனை 32-இல் ஒரு பங்காக்கினால் வரும் அளவு அது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1961-இல் பாந்தர் என்னும் டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டுமே என்று வகுத்துக்கொண்ட அளவு 35-இல் ஒரு பங்காக அமைந்தது. 1968 முதல் அதே அளவில் படைவீரர் வரிசையும் வரலாயிற்று. இன்று உலகெங்கும் கவச வண்டி மாதிரிகளுக்கும் அவற்றோடு நிற்கும் வீரர்களுக்கும் அதுவே பெருவழக்கு.

அளவு பிறந்த கதை தற்செயலானது. அவ்வளவுக்குள் வந்து சேர்ந்த பொறுப்போ அத்தகையதன்று. குழந்தையின் கையிலுள்ள ஈய வீரனுக்குத் துப்பாக்கி ஒன்றும் சிவப்புச் சட்டை ஒன்றும் போதும். மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்பிவிடும். பெரியவர்களுக்கென்று வரும் உருவமோ, "இன்ன ஆண்டில் இன்ன படையில் இருந்தவன் இப்படித்தான் இருந்தான்" என்று உரைக்கின்றது. மெய்யென்று உரைக்கும் எதுவும் திறனாய்வுக்கு உட்பட்டதே.

உடம்பு முன்னது, உடை பின்னது

தேர்ந்த சிற்பி முதலில் செய்வது கம்பிக் கூடு. செம்புக் கம்பியோ பித்தளைக் கம்பியோ முதுகெலும்பாகவும் கைகால்களாகவும் வளைக்கப்படுகின்றது. அதன்மேல் எப்பாக்சி மக்கு ஏறுகின்றது. இரண்டு பகுதிகளைப் பிசைந்து சேர்த்தால் சில மணி நேரம் களிமண்போல் இணங்கிப் பின் கல்லாக இறுகும் பொருள் இது. உடுப்பில்லாத உடம்பு முதலில். அது இறுகிய பின்னரே சட்டையும் கால்சட்டையும் மேலே போர்த்தப்படுகின்றன.

இவ்வரிசையை மாற்றியவர் பிழையை எங்கும் ஒளிக்க இயலாது. ஒரு காலில் பாரத்தைத் தாங்கி நிற்பவனின் கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அது அக்காலின் கணுக்காலருகே விழும். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு உயரும். அப்பக்கத்துத் தோள் தாழும். முதுகில் மூட்டை சுமப்பவனின் மார்பு முன்னே சாயும். இவை தவறினால், எத்துணை அழகிய உடுப்பாயினும் அது கொடியில் உலரும் துணியே.

துணியின் மடிப்பும் அவ்வாறே. மடிப்பு அழகுக்காக இடும் கோடு அன்று. உடம்பு துணியை எங்கே இழுக்கின்றது என்பதன் சான்று அது. தோள், முழங்கை, தொடையிடுக்கு, முழங்கால் ஆகிய இழுவிடங்களிலிருந்து மடிப்புகள் புறப்பட வேண்டும். கம்பளிப் பெருஞ்சட்டையில் மடிப்புகள் சிலவாகவும் பெரியனவாகவும் விழும். மெல்லிய பருத்தியில் பலவாகவும் சிறியனவாகவும் விழும். காற்சட்டை முழுதும் ஒரே சீரான கோடுகளைக் கீறி வைத்திருக்கும் உருவத்தில் உள்ளே கால் இல்லை என்பது தெளிவு.

சுருக்கம் வேறு, குறைப்பு வேறு

இக்கலையின் அரிய சிக்கல் நுண்மையில் உள்ளது. 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பளித் துணியை 35-இல் ஒரு பங்காக்கினால் 0.06 மில்லிமீட்டர்கூட வாராது. 3 மில்லிமீட்டர் தோல்வார் 0.09 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மனிதத் தலைமுடியின் பருமனே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை உள்ளது. எனவே, கணக்குப்படி மெய்யாகச் செய்த சட்டைப்பையின் மூடியை அச்சு ஏற்காது. ஏற்றாலும் கண் காணாது. கண்டாலும் முதற்பூச்சு வண்ணம் அதை மூழ்கடித்துவிடும்.

ஆகவே சிற்பி மிகைப்படுத்தியே ஆக வேண்டும். காலரின் ஓரத்தைத் தடிப்பாக்க வேண்டும். வாருக்கும் சட்டைக்கும் இடையே நிழல் விழுமாறு பள்ளம் தோண்ட வேண்டும். கண்ணிமையை உள்ளதினும் ஆழமாக வெட்ட வேண்டும். எதை மிகுப்பது, எதை விடுப்பது என்பதில்தான் கலைஞனும் கைவினைஞனும் பிரிகின்றனர். குறள் வெண்பா என்பது நீண்ட பாட்டொன்றை வெட்டிக் குறைத்தது அன்று. ஏழு சீருக்கென்றே நினைக்கப்பட்ட நினைப்பு அது. அதுபோலச் சிற்றுருவமும் பெரிய மனிதனைக் குறைத்தது அன்று; இரண்டங்குலத்துக்கென்றே நினைக்கப்பட்ட மனிதன்.

சாம்பல்நிறச் சோதனை

ஆலையில் வார்த்த பிளாஸ்டிக் வீரனுக்கு இன்னொரு குறையுண்டு. இரண்டு எஃகு அச்சுகள் நேராகப் பிரிய வேண்டியிருப்பதால், உள்வாங்கிய குடைவுகளை அவை தர இயலாது. இடுப்பிலுள்ள தோட்டாப் பை சட்டையோடு உருகிக் கலந்ததுபோல் நிற்கும். அச்சுகள் சேருமிடத்தில் தலை முதல் கால் வரை மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். வளைந்து கொடுக்கும் ரப்பர் அச்சில் வார்க்கும் பிசின் உருவங்களில் குடைவு ஓரளவு எளிது. அவற்றிலும் மூட்டுக்கோடு முற்றிலும் ஒழிவதில்லை.

ஆதலின், கத்தியும் உப்புத்தாளும் கொண்டு வரம்பைத் தேய்ப்பதும், பைக்குப் பின்னால் குடைந்து அதை உடம்பிலிருந்து பிரிப்பதும், மெல்லிய ஈயத் தகட்டில் வார்களை வெட்டி ஒட்டுவதும், துப்பாக்கி வாயைத் துளைப்பதும், விரல்களுக்கு இடையே வெட்டுவதும் வண்ணத்துக்கு முந்திய கடமைகள். இவை முடிந்தபின் உருவம் முழுதும் ஒரே சாம்பல் நிறத்தில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு ஏறுகின்றது. அந்நேரமே உண்மையான தேர்வு நேரம். வெண்மை, பசுமை, பழுப்பு என்னும் பொருள்களின் வேற்றுமை மறைந்து, ஒளியும் நிழலும் மட்டும் எஞ்சுகின்றன. அப்போது வீரனாகத் தோன்றாதவன் எப்போதும் வீரனாகத் தோன்றமாட்டான்.

இதற்குப் பெருஞ்சான்று சீனத்தில் உள்ளது. 1974-இல் ஷீஆன் நகருக்கு அருகே கிணறு தோண்டிய உழவர் கையில் தட்டுப்பட்ட சுடுமண் படை, கி.மு. 210-இல் இறந்த முதற் பேரரசனுக்காகச் செய்யப்பட்டது. ஆளுயரமான அவ்வீரர்கள் சுட்டபின் அரக்கும் வண்ணமும் பூசப்பெற்றவர்கள். மண்ணிலிருந்து வெளிவந்ததும் உலர்ந்து உரிந்து போயிற்று அவ்வண்ணத்தின் பெரும்பகுதி. எனினும், உலகம் வியப்பது அவ்வண்ணமற்ற சாம்பல் வீரர்களையே. வண்ணம் போனபின்னும் படை போகவில்லை.

பித்தானின் பெருமையும் சிறுமையும்

இக்கலையினரிடையே இரு சாரார் உளர். பித்தானின் எண்ணிக்கை, வாரின் தையல், பட்டையின் ஆண்டு ஆகியவற்றில் பிழையின்மையே உயிர் என்பர் ஒரு சாரார். உருவம் ஒரு கதை சொல்ல வேண்டும் என்பர் மறுசாரார்; அமெரிக்கரான ஷெப்பர்டு பெயின் (1946–2015) காட்சியமைப்புகளில் கதையையே முதன்மையாக்கி, 1980-இல் வெளிவந்த தம் நூலால் பலருக்கு ஆசானானார்.

முதற்சாராரை இகழ்வது எளிது, முறையன்று. அதே சீனப் படையில் மண்டியிட்ட வில்லாளி ஒருவன் உள்ளான். அவன் காலணியின் அடிப்பகுதியில் தையற்புள்ளிகள் முன்பாதத்திலும் குதிகாலிலும் நெருக்கமாகவும் நடுவில் அருகியும் உள்ளன. தரையில் மிகுதியாகத் தேயுமிடம் எது என்பதை அச்சிற்பி அறிந்திருந்தான். முன்னின்று பார்ப்போர் கண்ணுக்குப் படாத இடம் அது. அங்கே நுட்பம் பகட்டன்று. நடந்த காலைப் பற்றிய அறிவு. நுட்பத்துக்குரிய அளவுகோலும் இதுவே: அவ்வுடை அணிந்தவனைப் பற்றி அது ஏதேனும் உரைக்க வேண்டும். தேய்ந்த முழங்கை உரைக்கும். ஒருபுறம் இழுபட்ட பை உரைக்கும். மாற்றித் தைத்த பித்தானும் உரைக்கும். படப்புத்தகத்திலிருந்து பிழையின்றிப் பெயர்த்த பன்னிரண்டு பித்தான்கள் மட்டும் ஒன்றும் உரையா.

எகிப்தில் அஸ்யூத் என்னுமிடத்தில் மெசெத்தி என்னும் தலைவனின் கல்லறையில் கிடைத்த மரப்படையையும் இங்கே எண்ணலாம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அதில் ஈட்டி ஏந்திய எகிப்தியர் நாற்பதின்மர். வில்லேந்திய நூபியர் நாற்பதின்மர். உடையில் நுட்பம் மிகுதியில்லை. ஆயினும் உயரம் ஒன்றுபோல் இல்லை. அனைவரும் ஒரே கால் முன்வைத்து நடக்கின்றனர். தனித்தனி ஆள், ஒரே நடை. படை என்பதன் பொருள் அதுவன்றோ!

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் உண்டு, பெருமிதமும் உண்டு. வீரன் முகத்தில் பெருமிதத்தை மட்டுமே காட்டுவோர் பலர். அச்சத்தை அடக்கி நிற்கும் பெருமிதத்தைக் காட்டுவோர் சிலரே. 35-இல் ஒரு பங்கில் கருவிழி 0.3 மில்லிமீட்டரளவே, ஆதலால் அம்மெய்ப்பாட்டை முகம் தனியே தாங்காது. கழுத்தின் சாய்வும், துப்பாக்கியைப் பற்றிய விரல்களின் இறுக்கமும், பின்வாங்க நினைக்கும் குதிகாலும் சேர்ந்தே தாங்க வேண்டும். இவையனைத்தும் வண்ணத்துக்கு முன் முடிவாகின்றவை.

பொறி வடித்த வீரன்

அண்மை ஆண்டுகளில் கணினித் திரையில் உருவம் வடித்து அச்சிடும் முறை பரவியுள்ளது. சீருடை அணிந்த மெய்யான மனிதரையே முப்பரிமாணத்தில் ஒளிவருடி, அவ்வுருவையே சுருக்குவோரும் உளர். நிலையும் மடிப்பும் இம்முறையில் பிழையின்றி அமைகின்றன. பாரம் சரியான காலில் விழுகின்றது. ஆனால் உள்ளவாறே சுருக்கிய காலரும் பையும் மழுங்கிப் போகின்றன; சிற்பி மீண்டும் கைவைத்து ஓரங்களைக் கூர்மையாக்க வேண்டியிருக்கின்றது. பொறி உள்ளதைத் தருகின்றது. தெரிவதைத் தரும் வேலை இன்னும் மனிதனுக்கே உரியதாய் இருக்கின்றது.

சீருடை இல்லாதவன்

இறுதியாக, இக்கலையின் அறம் பற்றிய ஒரு கேள்வி எழுகின்றது. சீருடையின் நுட்பத்தில் வாழும் கலை, சீருடை உடையோரையே மீண்டும் மீண்டும் படைக்கின்றது. வெற்றி பெற்றோரும் தோற்றோரும், கொடியோரும் நல்லோரும் ஒரே அக்கறையோடு பித்தான் பெறுகின்றனர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியை அறிந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியப் படைவீரன் உருவம் வெறும் விளையாட்டுப் பொருளாகத் தோன்றாது. அவனுடைய தொப்பியின் பின்தொங்கும் துணியை நுட்பமாகச் செய்வது பிழையன்று. வரலாற்றை மறைப்பதைவிட உள்ளவாறு காட்டுவதே மேல். ஆனால், அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுக்குப் பட்டையில்லை, பித்தானில்லை, பலருக்குக் காலணியுமில்லை. ஆடையை மட்டும் அளந்து பழகிய கலைக்கு அவர்களிடம் அளக்க ஒன்றுமில்லை. உடம்பை அறிந்த கலைக்கோ, விலாவெலும்பும் வீங்கிய காலும் வளைந்த முதுகும் பெருங்காப்பியமாகும்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பது உலக வழக்கு. இக்கலையில் அது வரிசையையும் குறிப்பதாகக் கொள்ளல் தகும்: ஆள் முற்பாதி, ஆடை பிற்பாதி, வண்ணம் அதன் பின்னரே. இவ்வரிசையில் நின்று செய்த உருவம், வண்ணம் சிறிது குறைந்தாலும் நிலைபெறும். வரிசை மாறிய உருவத்தை எத்துணைத் தூரிகை கூடினும் காப்பாற்ற இயலாது. கண்காட்சிகளில் பரிசு வழங்குவோரும், பள்ளியில் மாணவர்க்குக் களிமண்ணும் கம்பியும் கொடுத்து உருவம் செய்யப் பழக்குவோரும், வண்ணக் குப்பியைத் திறக்குமுன் சாம்பல்நிற உருவை ஒருமுறை நாற்புறமும் திருப்பிப் பார்ப்பது நன்று.